கழற்றலும் மாட்டலும்: மோட்டார் சைக்கிள் மேலுறையின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தையும் பக்கங்களையும் மூடி, எதிர்க்காற்றைப் பிளந்து ஓட்டுநரின் இருபுறமும் வழியவிடும் மேலுறைக்கு ஃபேரிங் என்று பெயர். இயந்திரவியல் நூல்கள் பெரும்பாலும் அதைக் காற்றியக்கவியலின் ஒரு கிளையாகவே பேசுகின்றன. எவ்வளவு வேகம் கூடியது, எவ்வளவு எரிபொருள் மிஞ்சியது என்ற கணக்குகளோடு அவை நின்றுவிடுகின்றன. ஆயினும் மேலுறைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பேட்டரி, ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, குளிர்விப்பு நீர்க்குழாய் எனக் கை படவேண்டிய உறுப்புகள் பலவும் அதன் அடியில் மறைந்திருப்பதால், வீட்டு வாசலில் நடக்கும் எந்தச் சிறு பராமரிப்பும் மேலுறையைக் கழற்றுவதில் தொடங்கி, அதை மறுபடி மாட்டுவதில் முடிகிறது. தொழிற்சாலைகள் உறைகளை வடிவமைத்தன, பந்தய அமைப்புகள் அவற்றுக்கு விதி வகுத்தன. அவ்வுறை வண்டியில் இருக்க வேண்டுமா, எப்படித் திறக்க வேண்டும் என்பதைக் கடைசியில் தீர்மானித்தது ஸ்பேனரோடு குந்தியிருந்த உரிமையாளரின் கைதான் என்பதைக் கடந்த எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

வேகச் சாதனைகளும் முதல் உறைகளும்

ஓடும் வண்டியை எதிர்க்கும் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அத்தடையை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும் என்ற இந்தக் கணக்கைச் சந்தித்த வடிவமைப்பாளர்கள், எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட வண்டியின் உருவத்தைச் செதுக்குவது மலிவானது என்று கண்டுகொண்டனர். 1937ஆம் ஆண்டு இம்முயற்சிகளின் உச்சமாக அமைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் ஜோ பெட்ராலி என்ற பந்தய வீரர், வால்வரை மூடப்பட்ட ஹார்லி-டேவிட்சன் வண்டியைச் சாதனை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார். வேகம் கூடியபோது முன்சக்கரம் தரையைவிட்டு எழத் தொடங்கியதால் அவ்வுறை கழற்றப்பட்டது. உறையில்லாத வண்டியிலேயே அவர் மணிக்கு சுமார் 219 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கும் டார்ம்ஸ்டாட் நகருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் எர்ன்ஸ்ட் ஹென்னே, முழுவதும் உறையிட்ட 500 சிசி பிஎம்டபிள்யூ வண்டியில் மணிக்கு 279.5 கிலோமீட்டர் வேகம் சென்றார். அச்சாதனை 1951 வரை முறியடிக்கப்படவில்லை.

ஒரே ஆண்டில் நடந்த இவ்விரு ஓட்டங்களும் மேலுறையின் இரட்டைத் தன்மையைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்திவிட்டன. சரியாக வடிவமைக்கப்பட்ட உறை, சிறிய எஞ்சினுக்கும் பெரிய வேகத்தைத் தந்தது. பிழையாக வடிவமைக்கப்பட்டதோ உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியதாக இருந்தது. பெட்ராலியின் குழு அதைக் கடற்கரையிலேயே கழற்ற முடிந்ததற்குக் காரணம், அது வண்டியின் சட்டத்தோடு ஒன்றாமல், முழுமையடைந்த வண்டியின்மேல் போர்த்திய தனிப்பொருளாக இருந்ததுதான்.

பந்தயக் களத்தில் குப்பைத்தொட்டி உறை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலிய, ஜெர்மானிய நிறுவனங்கள் உறையைச் சாதனை ஓட்டங்களிலிருந்து சுற்றுப் பந்தயங்களுக்குக் கொண்டுவந்தன. கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் மோட்டோ குஸ்ஸி நிறுவனம், முழு அளவு வண்டியை ஓட்டுநரோடு நிறுத்திச் சோதிக்கத்தக்க காற்றுச் சுரங்கம் ஒன்றை 1950களின் தொடக்கத்தில் அமைத்தது. காற்றுச் சுரங்கம் என்பது, வண்டி நிலையாக நிற்க, மின்விசிறிகள் காற்றை அதன்மீது செலுத்தித் தடையை அளக்க உதவும் கூடமாகும். இத்தகைய ஆய்வுகளின் விளைவாக, முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் பெரிய உறை பரவியது. அதன் உருண்ட தோற்றத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதைக் குப்பைத்தொட்டி உறை என்று அழைத்தனர். அலுமினியத் தகட்டை மரச்சுத்தியலால் தட்டி வளைத்து அவை உருவாக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டிங்கரிங் என்று வழங்கப்படும் தகட்டு வேலையின் உயர்ந்த வடிவம் அது.

1957ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில், இத்தகைய உறையிட்ட கிலேரா வண்டியில் பாப் மெக்கின்டயர், ஏறத்தாழ 60.7 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலைச் சுற்றை மணிக்கு 101.12 மைல் சராசரியில் ஓட்டி, நூறு மைல் வரம்பை அங்கு முதன்முதலில் கடந்தார். குப்பைத்தொட்டி உறை தன் பெருமையின் உச்சியில் நின்ற ஆண்டும் அதுவே, அதன் கடைசி ஆண்டும் அதுவே. பக்கக்காற்று அடித்தால் அகன்ற உறை பாய்மரம் போலச் செயல்பட்டு வண்டியைத் தள்ளியது. முன்சக்கரம் உறைக்குள் இருந்ததால் கைப்பிடியைத் திருப்பும் அளவும் குறைந்தது. ஆகவே சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1958 முதல் அதைத் தடை செய்து, சக்கரங்களும் ஓட்டுநரும் பக்கவாட்டில் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று விதித்தது. அதன்பின் முன்சக்கரத்தை விடுவித்து எஞ்சினையும் ஓட்டுநரின் மார்பையும் மட்டும் காக்கும் டால்ஃபின் வகை உறை நிலைபெற்றது. இன்று சாலையில் காணும் முழு ஃபேரிங் அனைத்தும் இந்த டால்ஃபின் வகையின் வழித்தோன்றல்களே.

சாலை வண்டிகளும் உரிமையாளரின் தீர்ப்பும்

பந்தயத்தில் வேகத்துக்காக வளர்ந்த உறையை, சாலை வண்டிகளில் தூய்மைக்காகவும் மழைக்காப்புக்காகவும் பயன்படுத்தலாம் என்று பிரித்தானிய நிறுவனங்கள் கருதின. 1954இல் வின்சென்ட் நிறுவனம், உடையில் எண்ணெயும் சேறும் படாமல் ஓட்டத்தக்க பிளாக் நைட், பிளாக் பிரின்ஸ் என்ற இரு வண்டிகளைக் கண்ணாடியிழை உறைகளோடு அறிமுகப்படுத்தியது. கண்ணாடியிழை என்பது, மெல்லிய கண்ணாடி நூல்களால் ஆன பாயை அச்சில் விரித்து, அதன்மேல் பிசினைப் பூசி இறுகச் செய்யும் கலவைப் பொருளாகும்; தகட்டைத் தட்டும் கைத்திறன் இல்லாமலேயே வளைந்த வடிவங்களை இது சாத்தியமாக்கியது. ஆனால் 1955 இறுதியில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் 1950களின் பிற்பகுதியில் ஏர்ஃப்ளோ என்ற பெயரில் கண்ணாடியிழை உறையிட்ட வண்டிகளை இங்கிலாந்தில் விற்றது. அதே பத்தாண்டில், 1955இல், சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உறை எதுவுமற்ற புல்லட் வண்டியையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. ஒரே பெயர் தாங்கிய இரு மரபுகளில் புல்லட் மரபே நீடித்தது.

1957இல் டிரையம்ஃப் வெளியிட்ட ட்வென்டி ஒன் என்ற 350 சிசி வண்டியின் கதை இன்னும் தெளிவானது. பின்சக்கரத்தின் மேற்பாதியை மூடிய அதன் எஃகுத் தகட்டுறை கவிழ்த்து வைத்த குளியல் தொட்டியைப் போல இருந்ததால் மக்கள் அதற்குக் குளியல் தொட்டி என்றே பெயரிட்டனர். வண்டியை வாங்கியோர் பலர் அவ்வுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினர். நிறுவனமும் அதைப் படிப்படியாகச் சிறிதாக்கி, 1960களின் நடுவில் கைவிட்டது. 1958இல் வந்த ஏரியல் லீடர், அச்சில் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடுகளால் எஞ்சினையும் கால்களையும் மூடிய 250 சிசி வண்டி. அதன் பொறியாளரான வால் பேஜ், உறையை முதலிலிருந்தே வடிவமைப்பின் பகுதியாகக் கொண்டார். எனினும் லீடரின் உறையைக் களைந்து ஏறத்தாழ அதே வண்டியை ஏரோ என்ற பெயரில் அந்நிறுவனமே சிறிது காலத்தில் விற்பனைக்குக் கொண்டுவர நேர்ந்தது. எஞ்சின் கண்ணில் படவேண்டும், கைக்கு எட்டவேண்டும் என்ற விருப்பம் அக்கால மோட்டார் சைக்கிள் பண்பாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சிகளே சான்று.

வாங்குபவர் தானே மாட்டிய உறை

உறையைப் பெரும் எண்ணிக்கையில் மக்கள் ஏற்றுக்கொண்டது, அதை மாட்டும் உரிமை அவர்களிடமே விடப்பட்டபோதுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டர் 1971இல் விண்ட்ஜாமர் என்ற உறையை உருவாக்கினார். ஒவ்வொரு வண்டி வகைக்கும் ஏற்ற இரும்புப் பிடிகளோடு அது பெட்டியில் வந்தது. வாங்கியவர் சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே தன் வீட்டில் அதைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. இங்கு ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கைப்பிடியிலோ முன்சக்கரக் கவையிலோ மாட்டும் உறை, திசை திருப்பும்போது தானும் சேர்ந்து திரும்புவதால் அதன் எடையும் காற்றழுத்தமும் ஓட்டுநரின் கைகளுக்கு வருகின்றன. 1969இல் ஹார்லி-டேவிட்சன் அறிமுகப்படுத்திய வௌவால் இறக்கை வடிவ உறை இவ்வகையைச் சேர்ந்தது. வண்டியின் சட்டத்தில் மாட்டும் உறையோ அசையாமல் நிற்கிறது. விண்ட்ஜாமர் இவ்விரண்டாம் வகை.

1975இல் ஹோண்டா வெளியிட்ட கோல்டு விங் நெடுந்தூர வண்டி உறையின்றியே வந்தது. உரிமையாளர்கள் பலர் விண்ட்ஜாமர் போன்றவற்றை வாங்கி அதில் பொருத்தினர். அவர்கள் செய்ததைக் கண்ட ஹோண்டா, 1980இல் தொழிற்சாலையிலேயே உறையிட்ட இன்டர்ஸ்டேட் வகையை வெளியிட்டது. இதற்கிடையில் பிஎம்டபிள்யூ, இத்தாலியின் பினின்ஃபாரினா காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய ஆர்100ஆர்எஸ் வண்டியை 1976இல் கொண்டுவந்து, சட்டத்தில் பொருத்திய முழு உறையைப் பேரளவு உற்பத்திக்குள் நுழைத்தது. அவ்வண்டியின் சிலிண்டர்கள் இருபுறமும் கிடையாக நீண்டு உறைக்கு வெளியே தெரிந்ததால், எஞ்சினின் முக்கியப் பகுதிகள் கைக்கு எட்டும்படியே இருந்தன. அதன்பின் வந்த வண்டிகளில் அந்த வசதி அரிதாயிற்று. உறையைச் சேர்ப்பவராக இருந்த உரிமையாளர், இக்காலந்தொட்டு அதைக் கழற்றுபவராக மாறினார்.

பிளாஸ்டிக்கும் பூட்டுகளும்

1980களில் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியிழையின் இடத்தைப் பிடித்தது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருள்களின் சேர்க்கையான இதை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால், சில நொடிகளில் மெல்லிய, ஒரே சீரான உறைத்துண்டு கிடைக்கிறது. அதன் உட்புறத்தில் நாக்குகளையும் காடிகளையும் சேர்த்தே வார்த்துவிட முடிகிறது. நாக்கு என்பது துண்டின் விளிம்பிலிருந்து நீளும் சிறு தகடு. காடி என்பது அது நுழையும் பிளவு. 1985இல் சுசூகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பந்தய வண்டியின் உருவத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1986இல் மாசிமோ தம்புரினி வடிவமைத்த டுகாட்டி பாசோவும், 1987இல் ஹோண்டாவின் சிபிஆர் வரிசையும் எஞ்சினை முழுவதும் மறைத்தன. திருகுகள் வெளியில் தெரிந்தால் அழகு கெடும் என்று கருதிய வடிவமைப்பாளர்கள், துண்டுகளை ஒன்றுள் ஒன்று கோத்து, நாக்குகளின் பிடியை உள்ளே ஒளித்தனர். கழற்றும் வேலையில் ஊகமும் பொறுமையும் தேவைப்பட்டது அப்போதிருந்துதான்.

இத்துண்டுகளைப் பிணைக்கும் சிறு பொருள்களுக்கும் தனி வரலாறு உண்டு. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்து விளிம்பில் செருகும் கிளிப் நட்டுக்கு மூலமான வேக நட்டு, 1920களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் அடுப்பு செய்த ஆல்பர்ட் டின்னர்மனின் கண்டுபிடிப்பாகும். பீங்கான் பூசிய அடுப்புத் தகடுகள் திருகை இறுக்கும்போது வெடித்ததால், இறுக்கத்தை வில்போல வாங்கிக்கொள்ளும் நட்டு அவருக்குத் தேவைப்பட்டது. அடுப்பின் பீங்கானுக்கு நேர்ந்த அதே இடர்தான் பின்னாளில் ஏபிஎஸ் உறைக்கும் நேர்ந்தது. அதே தீர்வுதான் இன்றும் அதைக் காக்கிறது. உக்ரைனியப் பின்னணி கொண்ட அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் சூஸ் 1930களில் உருவாக்கிய கால் சுற்றுத் திருகு விமானங்களின் மூடிகளில் பரவி, பின்னர் பந்தய வண்டிகளுக்கு வந்தது. கால் பங்கு திருப்பினாலே பூட்டவும் திறக்கவும் கூடிய இதே வகைத் திருகுகளை 1994இல் வந்த டுகாட்டி 916 சாலை வண்டியிலும் காண முடிந்தது. ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகளோ ஜப்பானியத் தர அளவைப்படி செய்யப்பட்டவை. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் என்று நம் கடைகளில் விற்கும் ஃபிலிப்ஸ் வகை முனை அவற்றில் முழுமையாக உட்காராமல் நழுவிக் கொண்டையைத் தேய்த்துவிடுகிறது. சரியான முனை கையில் இல்லாமல் பாழான திருகுகளே பல வீடுகளில் இவ்வேலையின் முதல் பாடமாக அமைந்தன.

உறையை மறுத்தவர்கள்

பிளாஸ்டிக் உறை எளிதில் உடையும். புதியது விலை மிகுந்தது. விழுந்து நொறுங்கிய உறைக்குப் பதில் புதியது வாங்காமல், அதைக் கழற்றிவிட்டு உயரமான கைப்பிடியைப் பொருத்தி ஓட்டும் வழக்கம் 1980களிலும் 1990களிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பரவியது. ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்று பெயர்பெற்ற இவ்வகை வண்டிகள் வறுமையில் தொடங்கி அழகியலாக வளர்ந்தன. 1993இல் மிகேல் கலுஸ்ஸி வடிவமைத்த டுகாட்டி மான்ஸ்டரும் 1994இல் வந்த டிரையம்ஃப் ஸ்பீடு டிரிபிளும் உறையில்லாத வேக வண்டிகளுக்குச் சந்தை உண்டு என்பதை உறுதிப்படுத்தின. குளியல் தொட்டியைக் கழற்றி எறிந்த தலைமுறையின் செயலை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு தலைமுறை திரும்பச் செய்தது. இம்முறையும் தொழிற்சாலைகள் அவர்களைப் பின்தொடர்ந்தன.

வீட்டுப் பட்டறையின் அறிவு

உறையைத் தக்கவைத்துக்கொண்ட பெரும்பான்மையோரிடம் வேறொரு அறிவு சேர்ந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் தொடங்கிய பதிப்பகம், ஒவ்வொரு வண்டியையும் உண்மையிலேயே பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதிய வழிகாட்டி நூல்களால் இவ்வறிவைப் பரப்பியது. முதலில் கார்களுக்கும் பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் அவை வெளிவந்தன. மாட்டுதல் என்பது கழற்றலின் தலைகீழ் வரிசையே என்று இத்தகைய நூல்கள் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். வரிசையைப் பொறுத்தவரை அது உண்மை. கைவேலையைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே.

கழற்றும் வரிசை பொதுவாக இருக்கையில் தொடங்கும். பின்னர் பக்க மூடிகள், எரிபொருள் தொட்டியை ஒட்டிய துண்டுகள், நடுத்துண்டுகள், அடித்துண்டு என்று நகர்ந்து, கண்ணாடிகளோடு பிணைந்த மூக்குப்பகுதியில் முடியும். இண்டிகேட்டர் விளக்கின் மின்னிணைப்பைப் பிரிக்காமல் துண்டை இழுத்தால் கம்பி அறுந்துவிடும். பிளாஸ்டிக் புஷ் கிளிப்பின் நடு ஊசியை உள்ளே அழுத்தினால் அது பிடியை விடும்; மீண்டும் பயன்படுத்த, ஊசியை வெளியே தள்ளிச் செருகி, பின் மட்டமாக அழுத்த வேண்டும். திருகுகள் எல்லாம் எடுத்தபின்னும் துண்டு அசையவில்லை என்றால், எங்கோ ஒரு நாக்கு பிடித்திருக்கிறது என்று பொருள். அதை எத்திசையில் நகர்த்தினால் காடியிலிருந்து வழுவும் என்பதை அறியாமல் நேராக இழுப்பதுதான் நாக்கு முறிவதற்கு முதன்மைக் காரணம். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், அட்டையில் வண்டியின் உருவை வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைக்கும் முறையைப் பலர் கைக்கொண்டனர். நீண்ட திருகு தவறான இடத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் உறுப்பைத் துளைத்துவிடக்கூடும்.

மாட்டும்போது வேலையின் தன்மை மாறுகிறது. கழற்றும்போது திருகுகளை ஒவ்வொன்றாக முழுதும் எடுத்துவிடலாம். மாட்டும்போதோ முதலில் நாக்குகளைக் காடியில் அமர்த்தி, எல்லாத் திருகுகளையும் தளர்வாக இரண்டு மூன்று சுற்று ஏற்றி, துண்டுகளின் விளிம்புகள் நேர்ப்பட்ட பின்னரே சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் எதிர்மூலையின் துளை பொருந்தாது. வலிந்து பொருத்தினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். ரப்பர் வளையங்களில் சோப்பு நீர் தடவினால் முனைகள் எளிதில் நுழையும். திருகு தளராமல் இருக்கப் பூசும் பிசின், ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஆகியவற்றை நாளடைவில் வெடிக்கச் செய்வதால் அதை உறைத்துண்டுகளில் படவிடலாகாது. முறிந்த நாக்கையும் திரும்ப ஆக்கலாம்: துண்டின் உட்புறத்தில் ஏபிஎஸ் என்ற குறி பொறித்திருந்தால், அதே பிளாஸ்டிக்கின் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்த குழம்பால் ஒட்ட முடியும், பிபி என்று பொறித்திருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், அசிட்டோனில் அது கரையாது, வெப்பத்தால் உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

இந்தியச் சாலைகளுக்கு இவ்வரலாறு தாமதமாக வந்தது. 2003இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பாதி உறையையும், 2008இல் யமஹா ஆர்15 முழு உறையையும் நடுத்தர விலை வண்டிகளுக்குக் கொண்டுவந்தன. 2017 இறுதியில், ஓசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி ஆர்ஆர்310 வண்டியை முழு உறையோடு வெளியிட்டது. எஞ்சின் வெளியே தெரியும் வண்டிகளிலேயே கைபழகிய மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும், மேலைநாட்டினர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கற்ற நாக்கு, காடி, கிளிப் பாடங்களைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

டேட்டோனா கடற்கரையிலிருந்து இன்றைய வீட்டு வாசல் வரை நீளும் இவ்வரலாற்றில் ஓர் உண்மை மாறாமல் நிற்கிறது. உறையை வரைபவர் காற்றை எண்ணி வரைகிறார். அதைக் கழற்றப்போகும் கையையும் அவர் எண்ணியிருந்தால் மட்டுமே அவ்வுறை முறியாமல் வண்டியின் ஆயுள் முழுவதும் உடன் வருகிறது. ஆகவே மேலுறையின் தரத்தை மதிப்பிட விரும்புவோர் காற்றுச் சுரங்கத்தின் அளவீடுகளோடு நின்றுவிடாமல், அதன் உட்புறத்தைத் திருப்பி, நாக்குகள் எத்தனை முறை கழற்றி மாட்டியும் முழுமையாக இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.